தமனியின் ஆண்டுக் கணக்கு

மாரடைப்பு என்றால் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் வருவது என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணத்துக்குள் அடங்காத குழந்தைகள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பிறக்கிறார்கள். எல்டிஎல் என்னும் கொலஸ்ட்ரால் துகளை ரத்தத்திலிருந்து அகற்ற உதவும் மரபணு இவர்களுக்குத் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் பழுதாகவே வந்து சேர்கிறது. பிறக்கும்போதே இவர்களின் எல்டிஎல் மற்றக் குழந்தைகளுக்கு இருப்பதைப் போல ஆறு முதல் பத்து மடங்கு இருக்கும். சில ஆண்டுகளில் முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகள் தோன்றும். சிகிச்சை கிடைக்காவிட்டால் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, இதயத் தமனிகள் அடைபடும். இவர்கள் புகைபிடித்ததில்லை. சர்க்கரை நோய் இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, வேலை நெருக்கடி இல்லை. மற்றக் குழந்தைகளிடமிருந்து இவர்களைப் பிரிப்பது எல்டிஎல் ஒன்றே. மரபணுவின் ஒரு படி மட்டும் பழுதானவர்கள் இன்னும் அதிகம். 250 முதல் 300 பேரில் ஒருவர் அப்படிப் பிறக்கிறார். இவர்களுக்கு எல்டிஎல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கவனிக்காமல் விட்டால் முப்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் மாரடைப்பு வரும். இரண்டு படிகளும் சரியாக உள்ள நம்மில் பெரும்பாலோருக்கு அது இன்னும் தள்ளிப்போகிறது. மூன்று கூட்டத்தையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் எல்டிஎல் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு முன்னதாக நோய் வருவது தெரியும்.

இந்த வரிசையிலிருந்துதான் இந்த அத்தியாயத்தின் வாதம் பிறக்கிறது. எல்டிஎல் செய்யும் கேட்டைத் தீர்மானிப்பவை இரண்டு: அது எவ்வளவு இருக்கிறது, எத்தனை ஆண்டுகள் அப்படி இருந்தது. இரண்டையும் பெருக்கிக் கிடைக்கும் தொகையே தமனிச் சுவரில் எழுதப்படுகிறது. புகைபிடிப்பவரிடம் மருத்துவர் நாளைக்கு எத்தனை சிகரெட் என்று மட்டும் கேட்பதில்லை, எத்தனை வருடமாக என்றும் கேட்கிறார். கொலஸ்ட்ரால் விஷயத்தில் அந்த இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை. பரிசோதனைக் கூடம் தரும் தாளில் ஒரு நாளின் எண் இருக்கிறது, பக்கத்தில் ‘நார்மல்’ என்று ஒரு வரம்பு இருக்கிறது. எண் வரம்புக்குள் இருந்தால் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். நாற்பது வருடக் கதையை ஒரு நாள் எண்ணைக் கொண்டு படிப்பதுதான் கொலஸ்ட்ரால் குறித்த பெரும்பாலான குழப்பங்களுக்கும், தவிர்த்திருக்கக்கூடிய பல மரணங்களுக்கும் காரணம் என்பது என் முடிவு.

முதலில் தமனிச் சுவரில் நடப்பதைப் பார்க்கலாம். கொலஸ்ட்ரால் கொழுப்பு வகையைச் சேர்ந்தது, ரத்தத்தில் கரையாது. ஆகவே கல்லீரல் அதைப் புரதத்தோடு சேர்த்துத் துகள்களாக்கி அனுப்புகிறது. எல்டிஎல் துகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஒவ்வொரு துகளையும் அபோ-பி என்ற ஒரே ஒரு பெரிய புரதம் சுற்றிப் பிடித்திருக்கிறது. இவ்வளவு சிறியதாக இருப்பதால் இந்தத் துகள் தமனியின் உள்பூச்சைத் தாண்டி உள்ளே போகவும் திரும்பவும் முடியும். பெரும்பாலானவை திரும்பிவிடுகின்றன. சில மட்டும் சுவருக்குள் இருக்கும் இழைகளில் அபோ-பி வழியாக ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகின்றன. தங்கியவை சிதைகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி வீங்கி அங்கேயே மடிகின்றன. இப்படிச் சேரும் படிவின்மேல் உடல் ஒரு நார்ப் போர்வையைப் போர்த்துகிறது. என்றோ ஒருநாள் அந்தப் போர்வை கிழிந்தால் உள்ளிருக்கும் சரக்கு ரத்தத்தைத் தொடுகிறது, சில நிமிடங்களில் ரத்தம் அங்கே உறைகிறது, தமனி மூடிக்கொள்கிறது. மாரடைப்பு நிமிடங்களில் நடக்கிறது. அதற்கான தயாரிப்பு பல பத்தாண்டுகள் நடந்திருக்கிறது.

அந்தத் தயாரிப்பு எவ்வளவு இளமையில் தொடங்குகிறது என்பதை ஒரு போர் வெளிக்காட்டியது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த ராணுவ மருத்துவர்கள் 1953இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். வீரர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் கண்ணால் பார்க்கக்கூடிய படிவுகள் இருந்தன. பயிற்சி பெற்ற, நோய் அறிகுறியே இல்லாத இளைஞர்கள் அவர்கள். இதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்த வீரர்களை இதேபோல் ஆராய்ந்து 2012இல் வெளிவந்த முடிவில் அந்த விகிதம் 8.5 சதவீதமாகக் குறைந்திருந்தது. புகைப்பழக்கம், ரத்தக்கொதிப்பு, உணவு, ஆய்வு முறை எனப் பல வேறுபாடுகள் இரண்டு காலத்துக்கும் இடையில் உண்டு. ஆனாலும் இருபது வயதுத் தமனி எப்படி இருக்கும் என்பது மனிதர் வாழும் முறையைப் பொறுத்தது என்பதற்கு இது சாட்சி.

கொலஸ்ட்ராலுக்கு எதிரான முதல் சான்று 1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்தது. நிகோலாய் அனிச்கோவ் தூய கொலஸ்ட்ராலை சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். மனிதத் தமனியில் காணப்படும் அதே வகைப் படிவுகள் முயலின் தமனியில் உண்டாயின. உடனே ஒரு நியாயமான மறுப்பு எழுந்தது: முயல் தழை தின்னும் விலங்கு, அதற்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி என்ன நிரூபிக்க முடியும்? நாய்க்கும் எலிக்கும் ஊட்டினால் ஒன்றும் ஆவதில்லையே? அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த மறுப்பு உயிரோடு இருந்தது. அதற்கான விடை அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கிடைத்தது. ஜோசப் கோல்ட்ஸ்டைனும் மைக்கேல் பிரௌனும் தொடக்கத்தில் சொன்ன குழந்தைகளின் தோல் செல்களை எடுத்து 1970களில் ஆராய்ந்தார்கள். ஆரோக்கியமான செல்லின் மேற்பரப்பில் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருந்தன. இக்குழந்தைகளின் செல்களில் அவை செயல்படவில்லை. இந்த ஏற்பிகள் மிகுதியாக இருக்கும் இடம் கல்லீரல். அது எவ்வளவு வேகமாக எல்டிஎல்லை வாரி எடுக்கிறது என்பதே ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவு செய்கிறது. நாயும் எலியும் ஊட்டிய கொலஸ்ட்ராலை விரைவாக வெளியேற்றிவிடும், முயலால் முடியாது. ஆக, ரத்தத்தில் எல்டிஎல் ஏறிய விலங்குக்கு நோய் வந்தது, ஏறாத விலங்குக்கு வரவில்லை. மறுப்பாக வந்த நாயும் எலியும் உண்மையில் ஆதாரமாகவே நின்றன. கோல்ட்ஸ்டைனுக்கும் பிரௌனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

எல்டிஎல் உயர்ந்தால் நோய் வரும் என்பதோடு கதை முடியவில்லை. குறைத்தால் நோய் குறையுமா என்பதே நமக்கு வேண்டியது. இதற்கு வந்த சான்றுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது ஓர் அறுவை சிகிச்சை. மாரடைப்பிலிருந்து பிழைத்த 838 பேரில் ஒரு பாதியினருக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கி வைத்தார்கள். பித்த அமிலங்கள் திரும்ப உறிஞ்சப்படும் இடம் அது. அவை வெளியேறிவிடவே, புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுக்க நேர்ந்தது. எல்டிஎல் 38 சதவீதம் தாழ்ந்தது. இதய நோய் மரணமும் மீண்டும் வந்த மாரடைப்பும் சேர்ந்து 35 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 1990இல் வெளியானது. இங்கே மாத்திரை என்று எதுவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

மாத்திரையின் கதை ஜப்பானில் தொடங்கியது. சான்க்யோ நிறுவனத்தின் அகிரா எண்டோ, கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுக்கும் பொருள் ஏதாவது பூஞ்சையில் இருக்கும் என்று நம்பி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்தார். அரிசியில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து 1973இல் அது கிடைத்தது. ஸ்டாட்டின் மருந்துகளின் மூதாதை அதுவே. கல்லீரலின் தயாரிப்பு குறைந்ததும் அது தன் தேவைக்கு மேலும் ஏற்பிகளை வளர்த்து ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை எடுத்துக்கொள்கிறது. 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஐயங்களுக்கு முடிவு கட்டியது. சுமார் ஐந்தரை ஆண்டுகளில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாட்டின் பெற்றவர்களில் 182 பேர். பின்னர் 26 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது எல்டிஎல் ஒவ்வொரு 39 மில்லிகிராம் தாழும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் 22 சதவீதம் குறைவது தெரிந்தது. இங்கு தரும் எண்கள் எல்லாம் பரிசோதனைத் தாளில் வருவதுபோல ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கான மில்லிகிராம் கணக்கு.

இங்கே கூர்மையான ஓர் எதிர்வாதம் உண்டு. ஸ்டாட்டின் அழற்சியையும் தணிக்கிறது; நன்மை அதனால் வந்திருக்கலாம், எல்டிஎல் குறைந்தது வெறும் உடன்நிகழ்வாக இருக்கலாம் என்பது அது. குடல் அறுவையை நினைவில் கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்ற மருந்து ஸ்டாட்டினோடு எந்த உறவும் இல்லாதது. ஸ்டாட்டின் எடுத்துக்கொண்ட பதினெட்டாயிரம் நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு அதைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் எல்டிஎல் 70இலிருந்து 54 அளவுக்குத் தாழ்ந்தது. நிகழ்வுகள் அந்தச் சிறு இறக்கத்துக்கு ஏற்ற அளவுக்குக் குறைந்தன. குடலைத் திருப்பினாலும், உறிஞ்சுவதைத் தடுத்தாலும், கல்லீரலின் தயாரிப்பைக் குறைத்தாலும் பலன் எல்டிஎல் இறங்கிய அளவையே பின்தொடர்கிறது. வழிகள் வேறு வேறாக இருந்து முடிவு ஒன்றாக இருக்கும்போது, பொதுவாக உள்ள ஒன்றைக் காரணமாக ஏற்பதே முறை.

இதுவரை சொன்னவை எல்டிஎல்லின் அளவைப் பற்றியவை. ஆண்டுகளின் பங்கை நிறுவியது மரபணுவியல். பிசிஎஸ்கே9 என்ற புரதம் எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் வேலையைச் செய்கிறது. அந்த மரபணு சிலருக்குப் பிறவியிலேயே செயலிழந்திருக்கும். அவர்களுக்கு ஏற்பிகள் அதிகம், எல்டிஎல் குறைவு. ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பிறந்த கறுப்பின அமெரிக்கர்களின் எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது. பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பில் அவர்களுக்கு வந்த இதயத் தமனி நோயோ 88 சதவீதம் குறைவு. வெள்ளையரிடம் காணப்பட்ட மென்மையான மாற்றத்தில் எல்டிஎல் 15 சதவீதம் குறைவு, நோய் 47 சதவீதம் குறைவு. முதல் கூட்டத்தில் நோயுற்றவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் 88 என்பதைத் துல்லியமான எண்ணாகக் கொள்ளக் கூடாது. ஆனால் நடுவயதில் தொடங்கும் மாத்திரை, எல்டிஎல்லை அதே 28 சதவீதம் குறைத்து, இதில் பாதி நன்மையைக்கூடத் தருவதில்லை. 2012இல் பல மரபணுக்களையும் மூன்று லட்சம் பேரையும் சேர்த்துப் பார்த்த இன்னோர் ஆய்வு இதை உறுதியாகக் காட்டியது: பிறப்பிலிருந்தே 39 மில்லிகிராம் குறைவாக இருந்தால் இதய நோய் 54 சதவீதம் குறைகிறது. நடுவயதுக்குப் பின் ஐந்தாண்டு மாத்திரையால் அதே 39 குறைந்தால் 22 சதவீதம். இறக்கம் ஒன்றே, பலன் இருமடங்குக்கும் மேல். நடுவில் உள்ள வேறுபாடு காலம் மட்டுமே.

இதைக்கொண்டு ஆய்வாளர்கள் ஒரு தோராயக் கணக்கு போட்டிருக்கிறார்கள். எல்டிஎல்லை வயதால் பெருக்கிய தொகை ஐயாயிரத்தைத் தொடும்போது, மாரடைப்பு நேரக்கூடிய அளவுக்குப் படிவு சேர்ந்திருக்கும் என்பது அது. எல்டிஎல் 125 உள்ளவர் நாற்பது வயதில் அதைத் தொடுகிறார். 200 உள்ளவர் இருபத்தைந்தில். 80 உள்ளவர் அறுபதைத் தாண்டிய பிறகு. புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு சேர்ந்தால் இந்தக் கணக்கு முன்னால் நகரும். தனி மனிதருக்கு இது ஜோசியம் ஆகாது. ஆனால் 125 என்ற எண்ணைப் பார்த்து, ‘130க்குள் இருக்கிறது, பயமில்லை’ என்று சொல்வது எவ்வளவு அரைகுறையான ஆறுதல் என்பதை இது புரியவைக்கும்.

‘மாரடைப்போடு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் நார்மலாகத்தானே இருக்கிறது?’ என்ற கேள்விக்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. கேள்வியில் உண்மை உண்டு. இதய நோயால் அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த 1,36,905 பேரின் பதிவுகளை 2009இல் ஆராய்ந்தபோது ஏறத்தாழ பாதிப் பேரின் எல்டிஎல் 100க்குக் கீழே இருந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவர் ஏற்கெனவே கொழுப்பைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர், கடும் நோயின்போது எல்டிஎல் தானாகவே தாழும் என்பவற்றை ஒதுக்கிவைப்போம். முக்கியமான தவறு ‘நார்மல்’ என்பதைப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. ஒரு சமூகத்தில் பெரும்பாலோருக்கு இருக்கும் அளவைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. அது உடலுக்கு உகந்த அளவு என்று பொருள் இல்லை. பிறந்த குழந்தையின் எல்டிஎல் சுமார் 30. பொலிவியாவின் காட்டுப் பகுதியில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்களின் சராசரி 91. அவர்களில் எழுநூறு பேரை ஸ்கேன் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் 85 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் சுண்ணப் படிவே இல்லை. கிருமித் தொற்றால் அவர்களில் பாதிப் பேருக்கு அழற்சி அளவு உயர்ந்திருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டியது. அழற்சிதான் மூலகாரணம், கொலஸ்ட்ரால் வெறும் பார்வையாளர் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்த மக்கள் பதில் சொல்கிறார்கள். அழற்சிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கனகினுமாப் என்ற மருந்து எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்து, மாரடைப்பு கண்டவர்களிடம் மறு நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது 2017இல் நிரூபணமானது. படிவு கிழிவதில் அழற்சியின் கை இருக்கிறது. கிழிய ஒரு படிவு இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கொலஸ்ட்ரால் இல்லாமல் மூளையே இயங்காதே, அதைக் குறைப்பது ஆபத்தல்லவா என்ற கவலையையும் மதித்தே பதில் சொல்ல வேண்டும். மூளைக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், உண்மை. ஆனால் ரத்தத்து எல்டிஎல் மூளைக்குள் நுழைவதில்லை. தனக்கு வேண்டியதை மூளை தானே செய்துகொள்கிறது. பிசிஎஸ்கே9 மரபணுவின் இரு படிகளும் செயலற்றிருந்த ஒரு பெண்ணின் எல்டிஎல் 14 மட்டுமே. அவருக்கு உடலிலோ அறிவிலோ எந்தக் குறையும் காணப்படவில்லை. பிசிஎஸ்கே9ஐத் தடுக்கும் ஊசி மருந்தால் எல்டிஎல்லை 92இலிருந்து 30க்கு இறக்கிய பெரும் ஆய்விலும் நினைவாற்றல் தனியாகச் சோதிக்கப்பட்டது. குறைவு தெரியவில்லை. முதியவர்களில் கொலஸ்ட்ரால் குறைவாக உள்ளவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்துக்கு வேறு விளக்கம் இருக்கிறது. புற்றுநோய், கல்லீரல் நோய், உடல் நலிவு ஆகியவை கொலஸ்ட்ராலைத் தாழ்த்துகின்றன. மரணம் அந்த நோயால் வருகிறது. ஒன்பது லட்சம் பேரைச் சேர்த்து 2007இல் வெளியான ஆய்வில், குறைந்த கொலஸ்ட்ரால் நாற்பதுகளில் இதய நோய் மரணத்தைப் பாதியாகவும், எழுபதுக்குப் பின் ஆறில் ஒரு பங்கும் குறைத்தது. நன்மை முதுமையிலும் உண்டு, இளமையில் மிக அதிகம். காலத்தின் கணக்கு இங்கும் ஒத்துப்போகிறது.

‘நல்ல கொழுப்பு எனக்கு அதிகம், ஆகவே கவலையில்லை’ என்பது பலரிடம் கேட்கும் நம்பிக்கை. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் குறைவாக உள்ளவர்களுக்கு நோய் அதிகம் வருகிறது என்பது சரியே. ஆனால் பிறவியிலேயே எச்டிஎல்லை மட்டும் கூட்டும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012இல் தெரிந்தது. எச்டிஎல்லை உயர்த்த வந்த மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. டார்செட்ரபிப் மருந்தின் ஆய்வு, மரணங்கள் கூடியதால் 2006இல் நிறுத்தப்பட்டது. எச்டிஎல் உடல்நிலையைக் காட்டும் அடையாளம். எல்டிஎல் செய்யும் கேட்டை அது கழித்துவிடாது.

ஸ்டாட்டின் பற்றிய அச்சம் இன்னும் பரவலானது. அதில் நியாயமான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாட்டின் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது. 255 பேர் நான்காண்டு எடுத்துக்கொண்டால் கூடுதலாக ஒருவருக்கு வரும். அதே 255 பேரில் தவிர்க்கப்படும் இதய நிகழ்வுகள் அதைப் போலப் பல மடங்கு. மிக அரிதாகத் தசை கடுமையாகச் சிதையலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் மருத்துவரிடம் பேசாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. தசைவலி என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் மிகப் பலர். வலி பொய்யில்லை, ஆனால் காரணம் பெரும்பாலும் மாத்திரை அல்ல. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்கு லண்டனில் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும், சில மாதங்கள் எதுவுமில்லாமலும், எந்த மாத்திரை எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டினால் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு அவர்களில் பாதிப் பேர் மீண்டும் ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள். எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம் என்பவர்களிடம் ஒன்று கேட்கலாம்: பிறவி மரபணுவுக்கும் சிமானே மக்களின் தமனிக்கும் எந்தக் கம்பெனி விளம்பரம் செய்தது? அடார்வாஸ்டாட்டினின் காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நம் அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது.

உணவைப் பற்றிச் சொல்லும்போது முட்டையிலிருந்து தொடங்குவது வழக்கம். உண்மையில் ரத்தத்தின் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு கல்லீரல் தயாரிப்பது. உணவிலுள்ள கொலஸ்ட்ராலுக்கு அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி வைத்திருந்த 300 மில்லிகிராம் வரம்பு 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. முட்டையைவிடக் கவனிக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. அது கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகளைக் குறைக்கிறது. நெய், வனஸ்பதி, ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில், தேங்காய் எண்ணெய் ஆகியவை இந்த வகை. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்புதான். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் ‘நம் முன்னோர்கள் தேங்காய் சாப்பிட்டுத்தானே வாழ்ந்தார்கள்’ என்ற வாதம் எழும். பதினாறு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான முடிவில் தேங்காய் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களைவிட எல்டிஎல்லைச் சுமார் பத்து மில்லிகிராம் கூட்டியது. பத்து என்பது ஒரு நாளுக்குச் சிறியது, நாற்பது ஆண்டுக்குச் சிறியதல்ல. நார்ச்சத்தோடு சேர்ந்த தேங்காய்த் துருவலைச் சட்னியில் அளவாகச் சேர்ப்பதும், எண்ணெயாக எடுத்துத் தினமும் பொரிப்பதும் ஒன்றாகாது. பருப்பு, பயறு, கீரை, காய், ஓட்ஸ் ஆகியவற்றின் நார் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுவதால் எல்டிஎல் சற்றுத் தாழும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலோருக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும். எல்டிஎல் 190ஐத் தாண்டியவருக்கு இது போதவே போதாது. அவரிடம் ‘சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள், பார்க்கலாம்’ என்று சொல்லி ஆண்டுகளைக் கடத்துவது அநீதி. எல்டிஎல் 120 உள்ள இருபத்தைந்து வயதுக்காரருக்கோ இதே பத்துப் பதினைந்து சதவீதம், வாழ்நாள் முழுவதும் நீடித்தால், பெரிய சொத்து.

அடைப்பு எத்தனை சதவீதம் என்று கேட்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. எழுபது, எண்பது என்றால் ஸ்டென்ட் வைத்ததும் நோய் தீர்ந்ததாக நிம்மதி கொள்கிறோம். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர் காக்கும். அதில் ஐயமே இல்லை. நிலையான இதய நோயில் நெஞ்சுவலியைக் குறைக்கும். ஆனால் நல்ல மருந்துச் சிகிச்சை பெறும் நிலையான நோயாளிகளுக்கு ஸ்டென்ட் மாரடைப்பையோ மரணத்தையோ குறைக்கவில்லை என்று 2007இலும் 2020இலும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. காரணம் எளிது. ரத்த ஓட்டத்தைத் தடுக்காத சிறிய படிவும் கிழியலாம். ஸ்டென்ட் விரிப்பது ஓர் இடத்தை. எல்டிஎல் படிவது எல்லாத் தமனிகளிலும்.

இந்தியர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அவசரமானது. 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானபோது தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53 என்றும் பிற நாட்டவருக்கு 59 என்றும் தெரிந்தது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதில் 81 சதவீத இந்தியர்களுக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு குறைபாடு இருந்தது. நம்மவர்களுக்கு எல்டிஎல் மிக உயர்ந்து காணப்படுவதில்லை. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியும் எச்டிஎல் குறைந்தும் இருக்கும். அப்படிப்பட்டவரின் எல்டிஎல் துகள்கள் சிறியவையாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருப்பதால் எல்டிஎல் எண் ஆபத்தைக் குறைத்துக் காட்டும். இதற்கு எளிய வழி உண்டு. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். வெறும் வயிற்றில் எடுக்காத ரத்தத்துக்கும் பொருந்தும் அந்த எண், அபோ-பி உள்ள எல்லாத் துகள்களையும் உள்ளடக்கியது. இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி முதல் பரிசோதனையைப் பதினெட்டு வயதில் செய்யச் சொல்கிறது. எல்டிஎல் பொதுவாக 100க்குக் கீழும், சர்க்கரை அல்லது ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு 70க்குக் கீழும், ஏற்கெனவே இதய நோய் கண்டவருக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. கழித்து வரும் எண் இவற்றைவிட முப்பது வரை கூடுதலாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு உடனடியாகத் தரும் மாத்திரைகளில் அடார்வாஸ்டாட்டினும் ஒன்று. நல்ல திட்டம். ஆனால் ஐம்பது வயதில் அவசரமாக விழுங்கும் அந்த மாத்திரையின் வேலை, அவருக்கு முப்பது வயதில் ஒரு ரத்தப் பரிசோதனையாகத் தொடங்கியிருக்க வேண்டும். குடும்பத்தில் ஆண்களில் யாருக்காவது 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 65க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அந்த வீட்டின் பிள்ளைகளுக்கு இந்த மாதமே கொலஸ்ட்ரால் பாருங்கள். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவையும் ஆயுளில் ஒருமுறை பாருங்கள். மாத்திரை சாப்பிட்டு ரிப்போர்ட் நார்மலாகிவிட்டது என்று நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். அந்த எண்ணைத் தாழ்த்தி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.